இரைச்சல் எல்லாம் திருடன் கணக்கில்

கும்மிடிப்பூண்டி
9.1.2026

பெரிய படிப்பு ஏஞ்சலினுக்கு, நட்டு போல்ட்டு பேக்கிங் அக்கா மெர்சி எழுதுவது.

முதலில் ஒரு வெட்கக்கேட்டைச் சொல்லிவிடுகிறேன். புது வருஷத்தன்று போனில் சண்டை போட்டோமே, அந்தக் கோபத்தில் உன் நம்பரை பிளாக் பண்ணிவிட்டேன். லோன் வேண்டுமா என்று கேட்கிற நம்பர்களை எங்கள் பேக்கிங் லைனில் செண்பகம் அப்படித்தான் பண்ணுவாள். அவள் விரலைப் பார்த்துக் கற்ற வித்தை. இரண்டு நாளில் கோபம் பாதி இறங்கிவிட்டது, ஆனால் பிளாக்கை எடுக்க எனக்குத் தெரியவில்லை. அவள் போடுவதைத்தான் பார்த்திருக்கிறேன். லோன்காரனுக்கு யாராவது எடுத்துவிடுவார்களா? அவளிடமே போய்க் கேட்டால் பிளாக் ஆன பெயர் "பாப்பா" என்று காட்டும், மத்தியானச் சோற்றுக்குள் பேக்கிங் முழுக்கத் தெரிந்துவிடும். அதனால்தான் கடிதம். போஸ்ட் ஆபீசில் கவர் கேட்டதற்கு அந்தப் பெண் என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

உன் மாமாவின் போனுக்கும் நீ அடித்துப் பார்த்திருப்பாய். அது காண்ட்ராக்டர் கொடுத்த போன். வேலையைப் பிடுங்கின அன்றே அதையும் வாங்கிக்கொண்டார்கள்.

நீ சொல்லித்தானே அவர் அந்தக் கேபினுக்கு வாட்ச்மேனாகப் போனார்? இன்டஸ்ட்ரியல் எஸ்டேட் ஓரத்தில் ஒரு தகர ரூம். திருவள்ளூரிலிருந்து எளாவூருக்குப் போகிற உங்கள் வெளிச்ச ஒயர் அதற்குள் வந்து இணைந்து போகிறது, அதைப் பார்த்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான் என்றாய். ரோலிங் மில் சத்தத்துக்கு ஒரு காதைக் கொடுத்தவருக்கு, சத்தமில்லாத வேலை என்று நானும் சந்தோஷப்பட்டேன். கிறிஸ்மஸ் முடிந்து ரெண்டாம் நாள் காண்ட்ராக்டர் ஆதிநாராயணன் வந்து, டீக்கடை ஆட்கள் பார்க்க, "ஒயர்ல எவனோ கை வெச்சிருக்கான். உள்ள இருந்தவன் நீ ஒருத்தன்தான்" என்று சொல்லி அனுப்பிவிட்டார். இவர் போனைக் கொடுத்துவிட்டு நடந்தே வீடு வந்தார்.

புது வருஷ ஆராதனைக்கு இவர் வரவில்லை. முகத்துக்கு நேராக யாரும் ஒன்றும் கேட்பதில்லை, ஒருத்தனைத் தவிர. அவன் கேட்டான்: "இன்னா எட்வர்ட்டு, செம்புக் கம்பி கிலோ இன்னா வெல போவுது?" உள்ளே செம்பே கிடையாது, கண்ணாடி நூல்தான் என்று நீ எனக்குச் சொல்லியிருக்கிறாய். அவனிடம் போய் நான் பாடம் எடுக்கவா?

ஆதிநாராயணன் சொல்கிறார், உங்கள் ஆபீசிலிருந்து வந்த ரிப்போர்ட்டில் அப்படித்தான் இருக்கிறதாம். ரிப்போர்ட் எழுதினது நீ. இன்னா எழுதினாய்? ஐந்தாவதோடு நின்றவளுக்குப் புரிகிற மாதிரி எழுது. உன் மாமா பேரில் ஒட்டினதைத் துடைக்க வேண்டும், எனக்கு அது ஒன்றுதான் வேண்டும்.

மெர்சி


பெங்களூரு
17.1.2026

அக்கா,

உன் கடிதத்தை நாலைந்து முறை படித்தேன். பிளாக் விஷயத்தில் மட்டும் சிரித்தேன்.

நான் என்ன எழுதினேன் என்று கேட்டிருக்கிறாய். மறைக்க ஒன்றுமில்லை. ஆனால் முதலில் அந்த ஒயர் எதற்கு என்று சொல்ல வேண்டும்.

திருவள்ளூரில் எங்கள் கருவி ஒன்று இருக்கிறது, எளாவூரில் இன்னொன்று. இரண்டுக்கும் ஒரே மாதிரி ஒரு ரகசியச் சாவி வேண்டும். எண்களால் ஆன சாவி. அதை வைத்துப் பூட்டிய செய்தியை வேறு யாரும் திறக்க முடியாது. அந்தச் சாவியைச் செய்வதற்காக ஒளியைத் துளித் துளியாக அனுப்புகிறோம். ஒரு துளியை நடுவில் யாராவது பார்த்தால் அது கலைந்துவிடும், பார்த்த தடம் பிழையாக நிற்கும். கொஞ்சம் துளிகளை எடுத்து இரண்டு பக்கமும் ஒப்பிட்டுப் பார்ப்போம். எவ்வளவு பிழை என்று தெரியும். ஒட்டுக்கேட்டவன் இருந்தால் அப்படித்தான் பிடிபடுவான்.

சிக்கல் என்னவென்றால், யாரும் பார்க்காவிட்டாலும் பிழை வரும். வெயிலில் ஒயர் சூடானால் வரும். லாரி போய்த் தரை அதிர்ந்தால் வரும். ஒளி கசிந்து குறைந்துபோனால், வாங்குகிற கருவி வெறும் இருட்டையே துளி என்று எண்ணிக்கொள்ளும், அதுவும் பிழைதான். இதையெல்லாம் நாங்கள் இரைச்சல் என்போம். இரைச்சல் செய்த பிழைக்கும் திருடன் செய்த பிழைக்கும் முகம் ஒன்று. கருவியால் பிரித்துச் சொல்ல முடியாது. அதனால் எங்கள் துறையில் ஒரு விதி: பிழை எதுவானாலும் அத்தனையையும் திருடன் கணக்கில் எழுது. பிழை குறைவாக இருந்தால், அவனுக்குத் தெரிந்திருக்கக்கூடிய அளவுக்குச் சாவியைச் சுருக்கிக்கொள்ளலாம். நூற்றுக்குப் பதினொன்றைத் தாண்டினால், சுருக்குவதற்குச் சாவியே மிஞ்சாது. எல்லாவற்றையும் கொட்டிவிட வேண்டும்.

நவம்பரில் பிழை நூற்றுக்கு மூன்று இருந்தது. டிசம்பர் பிறந்ததும் ஒன்பது, பிறகு பன்னிரண்டு. ஒளியும் குறைந்தது, கேபின் பக்கத்தில்தான் கசிகிறது என்று தெரிந்தது. "ஒட்டுக்கேட்பு நடக்கவில்லை என்று சொல்ல இயலாது" என்று எழுதினேன். மாமா பெயரை எழுதவில்லை. ஆனால் அக்கா, அங்கே இருப்பவர் மாமா என்று தெரிந்ததால், வேண்டியவருக்காக மறைத்தாள் என்று யாரும் சொல்லிவிடக் கூடாதே என்று, எழுத வேண்டியதைவிட ஒரு பிடி கடுமையாக எழுதினேன். இதைச் சொல்லாமல் இந்தக் கடிதத்தை மூட எனக்கு மனம் வரவில்லை.

இன்னொன்றும் உண்டு. மாமாவை அனுப்பிய மறுநாளே பிழை மூன்றுக்கு இறங்கிவிட்டது. இங்கே எல்லோரும் அதைத்தான் காட்டுகிறார்கள்.

டிசம்பரில் கேபினுக்குள் யாராவது வந்தார்களா, எதையாவது நகர்த்தினார்களா என்று மாமாவிடம் கேட்டு எழுது. நானே கேட்கலாம். எப்படி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை.

ஏஞ்சலின்


கும்மிடிப்பூண்டி
28.1.2026

ஏஞ்சலு,

கடிதத்தை சோறு வடிக்கும்போது ஒரு தரம், பஸ்ஸில் ஒரு தரம், பாத்ரூமில் ஒரு தரம் படித்தேன். புரிந்துவிட்டது. எங்கள் லைன் சூப்பர்வைசர் மாதிரிதான் உங்கள் கருவியும். பெட்டியில் ஒரு நட்டு குறைந்தால், எண்ணுகிற மிஷின் முழுங்கியதா, தரையில் உருண்டதா என்று பார்க்க மாட்டார். எங்களை வரிசையில் நிற்க வைத்து மடியை உதறச் சொல்வார். அவர் ஒரே ஒரு ஆள் என்று நினைத்திருந்தேன். உங்கள் ஊரில் அதற்குப் படிப்பே இருக்கிறது.

ஒரு பிடி கடுமை என்றாயே, அதற்கு நான் இப்போது ஒன்றும் எழுதவில்லை. எழுதினால் கவர் பற்றிக்கொள்ளும்.

அவரிடம் கேட்டேன். சாப்பிட உட்கார்ந்தவர் தட்டைப் பார்த்துக்கொண்டே, "நா அந்த ஒயர வெரலால கூட தொட்டதில்ல மெர்சி. யாரும் வர்ல" என்றார். திரும்பவும் கேட்டேன். எழுந்து கை கழுவப் போய்விட்டார். சோறு பாதி அப்படியே இருந்தது. இப்போது எளாவூர் செக்போஸ்ட் பக்கம் லாரியில் லோடு ஏற்றப் போகிறார். ஐம்பது வயசில் மூட்டை. ராத்திரி முதுகில் தைலம் தேய்த்தால், ஆ என்று கூடச் சொல்வதில்லை. முன்பெல்லாம் நான் தொடுவதற்கு முன்பே கத்துகிற ஆள்.

அவருடைய சாமான்கள் இன்னும் கேபின் பக்கம்தான் கிடக்கின்றன. ஸ்டூல், சோத்து கேரியர், அப்புறம் நம்ம கிறிஸ்மஸ் ஸ்டார். ஆதிநாராயணன் எல்லாவற்றையும் வாரி வெளியே போட்டாராம். போய்க் கேட்க இவருக்கு வாய் வரவில்லை. கேரியர் போனால் போகட்டும், ஸ்டார் எனக்கு வேண்டும். நீ முதல் சம்பளத்தில் வாங்கிக் கொடுத்தது, உள்ளே பல்பு வைத்த பெரிய ஸ்டார். இந்த வருஷம் நம் ஊட்டு வாசலில் ஸ்டாரே இல்லை, தெரியுமா? ராத்திரியெல்லாம் தனியாகத்தானே உட்கார்ந்திருக்கிறேன், அங்கேயாவது எரியட்டும் என்று டிசம்பர் பிறந்ததும் தூக்கிக்கொண்டு போய்விட்டார். கிறிஸ்மஸ் அன்று பிரியாணி கொண்டுபோனபோது பார்த்தேன், அழகாகத்தான் இருந்தது. சுவரில் கறுப்பு ஒயரைச் சுருட்டி வளையம் வளையமாக ஆணியில் மாட்டியிருக்குமே, அதன் அடியில் கட்டித் தொங்கவிட்டிருந்தார். லாரி போகும்போதெல்லாம் ஒரு ஆட்டம் ஆடி நிற்கும். "பாரு, உன்ன மாதிரியே சும்மா இருக்க மாட்டுது" என்று என்னைக் கிண்டல் பண்ணினார். அதுதான் கடைசியாக அவர் என்னைக் கிண்டல் பண்ணினது.

யாரிடமாவது சொல்லி ஸ்டாரை வாங்கிக் கொடு.

மெர்சி


பெங்களூரு
10.2.2026

அக்கா,

உன் கடிதம் போன திங்கட்கிழமை வந்தது. அன்று ராத்திரியே பஸ் ஏறினேன்.

சுவரில் சுருட்டி மாட்டியிருக்கும் அந்தக் கறுப்பு வளையம்தான் எங்கள் கண்ணாடி நூல். பின்னால் வெட்டி இணைக்கத் தேவைப்படும் என்று மிச்சம் விட்டு வைத்தது. அதைப் பாரம் போட்டு இழுத்தால் ஓரிடத்தில் மடங்கும், மடங்கிய இடத்தில் ஒளி கசியும். ஒட்டுக்கேட்பவன் செய்வதும் அதேதான், நூலை வளைத்துக் கசிகிற ஒளியைப் பிடிப்பான். அதற்கு மேல் ஸ்டார் லாரிக்கு லாரி ஆடியிருக்கிறது. ஆட ஆட உள்ளே போகும் துளி முறுக்கிக்கொண்டு வேறாகப் போய்ச் சேரும். மாமாவை அனுப்பிய அன்று சாமானை எல்லாம் வெளியே போட்டார்கள், ஸ்டாரும் போனது, மறுநாள் பிழை இறங்கியது.

கேபினில் இப்போது கலியன் என்று ஒருவர் இருக்கிறார். ஸ்டார் பின்பக்கம் ஸ்டூலுக்கு அடியில் கிடந்தது, ஒரு முனை நசுங்கியிருக்கிறது. அதே இடத்தில் அதைக் கட்டித் தொங்கவிட்டேன். லாரிகள் போயின. திருவள்ளூரில் உட்கார்ந்திருந்த நந்தினி, என்னோடு வேலை செய்பவள், போனில் எண்களைப் படித்தாள். ஐந்து. எட்டு. பன்னிரண்டு. கழற்றினேன். மூன்று. கலியன் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். நான் அழுதுகொண்டிருந்தேன் என்று அப்புறம்தான் தெரிந்தது.

எங்கள் பேராசிரியரிடம் எல்லாவற்றையும் காட்டப்போகிறேன். ஸ்டாரை மாட்டியது தான்தான் என்று மாமாவே சொல்ல வேண்டியிருக்கும். சொல்வாரா?

ஏஞ்சலின்


கும்மிடிப்பூண்டி
24.2.2026

ஏஞ்சலின்,

கும்மிடிப்பூண்டி வரை வந்திருக்கிறாய். கேபினிலிருந்து நம் ஊடு ஷேர் ஆட்டோவில் ஒரு பாட்டு முடிகிற தூரம். ஸ்டாரைப் பார்க்க பெங்களூரிலிருந்து வந்தவளுக்கு அக்காளைப் பார்க்க வழி தெரியவில்லை. கலியன் பெண்டாட்டி என் லைனில்தான் வேலை செய்கிறாள். "உன் தங்கச்சி வந்து அழுதுட்டுப் போச்சாமே" என்று அவள் சொல்லித்தான் உன் கடிதத்துக்கு முன்னாலேயே எனக்குத் தெரியும். அன்றைக்கு நான் எத்தனை பெட்டியில் நட்டைக் குறைத்துப் போட்டேனோ, ஆண்டவருக்குத்தான் வெளிச்சம்.

கடிதத்தை அவருக்குப் படித்துக் காட்டினேன். நல்ல காதுப் பக்கம் உட்கார்ந்து, மெதுவாக, இரண்டு தரம். கேட்டு முடித்து, கடிதத்தை வாங்கி நாலாக மடித்தார். பிறகு, "அப்ப நான்தான்" என்றார்.

"இன்னா நீதான்? திருடன் இல்லன்னு எழுதியிருக்கு" என்றேன்.

"திருடன் இல்லாமலே திருட்டு நடந்த மாதிரி பண்ணிட்டனே. பாப்பா வேலையிலதான் கை வெச்சிருக்கேன்."

அந்த ஒயரில் வெளிச்சம் ஓடுகிறது என்று நீ ஒருநாள் அவருக்குச் சொன்னாயாம். வெளிச்சம் ஓடுகிற இடத்தில் ஸ்டார் இருக்கட்டும் என்றுதான் அங்கே கட்டினாராம். ஸ்டாரைக் கட்டினதை ஒயரைத் தொட்டதாக அவர் நினைக்கவே இல்லை.

மறுநாள் லோடுக்குப் போகாமல் நேராக ஆதிநாராயணனிடம் போய்ச் சொன்னார். நானும் கூடப் போனேன். காண்ட்ராக்டர் கேட்டுவிட்டு, "ஸ்டார் மாட்டினவனும் ஒயர்ல கை வெச்சவன்தானேபா" என்றார். இதற்குப் பதில் எனக்கு வீட்டுக்கு வந்தபிறகு நிறையத் தோன்றியது.

நீ பேராசிரியரிடம் சொல். திருடு போகவில்லை என்று ஒரே ஒரு வரி வாங்கு. வேலை வேண்டாம்.

மெர்சி


பெங்களூரு
8.3.2026

அக்கா,

வீட்டுக்கு வராததற்கு என்னிடம் நல்ல காரணம் இல்லை. பஸ் ஸ்டாண்டில் நின்றேன். ஷேர் ஆட்டோ வந்தது, கையைக் காட்டினேன், நின்றது, ஏறவில்லை. ஓட்டுநர் திட்டினார்.

புது ரிப்போர்ட்டில் இரண்டு வாக்கியம் எழுதினேன். "தொங்கவிட்ட நட்சத்திர விளக்கால் இந்த அளவு பிழை ஏற்படக்கூடும்." இதை ஏற்றுக்கொண்டார்கள். "எனவே ஒட்டுக்கேட்பு நடக்கவில்லை." இதை அடித்துவிட்டார்கள். ஸ்டார் ஆடிக்கொண்டிருந்த அதே நேரத்தில் வேறொருவன் ஒட்டுக்கேட்டிருந்தால் அது நமக்குத் தெரிந்திருக்குமா என்று பேராசிரியர் கேட்டார். தெரிந்திருக்காது. அவர் கோபமாகக் கூடக் கேட்கவில்லை. அந்த வாக்கியத்தை வேறு யாராவது எழுதிக் கொண்டுவந்திருந்தால், அக்கா, நானே அடித்திருப்பேன்.

டிசம்பர் மாதச் சாவி முழுவதையும் கொட்டிவிட்டோம். நல்லது எது கெட்டது எது என்று பொறுக்க வழியில்லை. மாமாவின் டிசம்பரும் அதோடு போய்விட்டது. அவர் பெயர் எந்தக் காகிதத்திலும் இல்லை என்பதால், அவர் குற்றமில்லாதவர் என்று எழுதவும் எந்தக் காகிதத்திலும் இடமில்லை என்கிறார்கள்.

ஸ்டாரை கலியனிடம் கொடுத்திருக்கிறேன், உன் வீட்டில் சேர்க்கச் சொல்லி.

ஈஸ்டருக்கு வரட்டுமா? நீ வா என்றால் போதாது. மாமா சொல்ல வேண்டும்.

ஏஞ்சலின்


கும்மிடிப்பூண்டி
21.3.2026

ஏஞ்சலு,

ஸ்டார் வந்தது, ஸ்டூலும் வந்தது. கேரியரில் கிறிஸ்மஸ் பிரியாணி மிச்சம் அப்படியே இருந்ததால் அதைத் திறந்த கையோடு மூடிக் குப்பையில் போட்டேன்.

நீ எழுதினதை அவருக்குச் சொன்னேன். அந்த ஒரு வரி கிடைக்கவில்லை என்றேன். தலையை ஆட்டினார். சர்ச்சுக்கு இன்னும் வருவதில்லை. லெந்து நோன்பு நாளில் எல்லாரும் தலையைக் குனிந்துதான் உட்கார்ந்திருக்கிறார்கள், யார் யாரைப் பார்க்கப்போகிறார்கள், வா என்று கூப்பிட்டேன். "நிமிர்ற நேரம் வருமே" என்றார். டீக்கடையை மாற்றிக்கொண்டார். இப்போது ரொம்ப தூரம் நடந்து ஒரு டீ குடிக்கிறார்.

உன்னைப் பற்றி ஒருநாள் அவராகவே பேசினார். முதுகுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தேன். சுவரைப் பார்த்தபடி சொன்னார்:

"மிஷின் என் மேல சந்தேகப்பட்டது கரீட்டு. அதுக்கு என்ன யாருன்னு தெரியாது. பாப்பாவுக்குத் தெரியும்ல? பரீட்சைக்குன்னு திருவள்ளூருக்கு மழையில வண்டியில குந்த வெச்சு இட்டுக்கினு போனவன். ஒரு வார்த்த, மாமா, இன்னா ஆச்சு மாமான்னு கேட்டிருந்தா, ஸ்டார் மாட்டிக்கிறேன் பாப்பான்னு அன்னிக்கே சொல்லியிருப்பேன்."

இதை உனக்கு எழுதலாமா வேண்டாமா என்று ஒரு வாரம் யோசித்தேன். கிண்டல் பண்ணி எழுதிப் பார்த்தேன், வரவில்லை. அதனால் அவர் சொன்ன மாதிரியே எழுதிவிட்டேன். நீ விதிப்படிதான் செய்தாய். அந்த விதி ஒயருக்குச் சரி. ஊட்டுக்குள் அதைக் கொண்டுவந்தால், பேசாமல் இருக்கிறவர்கள் எல்லாரும் திருடர்கள்தான் ஏஞ்சலு. நம் ஊட்டில் இப்போது யாருமே பேசுவதில்லை.

ஈஸ்டர் விஷயத்தைச் சொன்னேன். நான் சொன்னால் வர மாட்டாள், நீ சொல்ல வேண்டுமாம் என்றேன். நாலு நாள் பதிலே இல்லை. நேற்று சாயந்திரம் லோடு முடித்து வந்து, செருப்பைக் கூடக் கழற்றாமல், "போன்ல கூப்டு, நானே சொல்றேன்" என்றார். போனை எடுத்துக்கொண்டு பஜாருக்கு ஓடினேன். செண்பகத்துக்குத் தெரியாத கடையாகப் பார்த்து நுழைந்தேன். அந்தப் பையன் இரண்டு தட்டுத் தட்டினான், பிளாக் போய்விட்டது. இதற்காகவா இத்தனை நாள் கவர் வாங்கினேன் என்று இருந்தது.

வீட்டுக்கு வந்து உன் நம்பரைப் போட்டு அவர் கையில் கொடுத்தேன். பக்கத்து மில்லில் ஷிப்ட் மாறுகிற நேரம், ஒரே சத்தம். அதனால் போனை நல்ல காதில் வைத்து அமுக்கிக்கொண்டு பின்பக்கம் தண்ணி டிரம் ஓரமாகப் போனார். நான் வாசற்படியில் நின்றேன். மணி போனது எனக்கே கேட்டது. பிறகு நின்றது, நீ எடுத்துவிட்டாய். அவர் "பாப்பா" என்றார். லோடு ஏற்றி வந்த வேர்வைக் கை, வழுக்கிவிட்டது. போன் டிரம்முக்குள் விழுந்தது.

உன் பக்கம் ஏதோ சத்தம் கேட்டிருக்கும். அது டிரம். போனை எடுத்துத் துடைத்து, ஈரம் காயட்டும் என்று அரிசி டப்பாவில் போட்டிருக்கிறேன். இன்று சோறு வடிக்கவில்லை, உப்புமா.

மெர்சி